‘சீ’ என்றொரு சொல்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் எங்கள் வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்புக்குத் தரப்பட்ட தலைப்பு ‘பாடசாலையில் ஆங்கிலக் கல்வி’. அதைப்பற்றிப் பேசத் தகுதியானவர்கள் வேறு வகுப்புகளில் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பு ஆங்கிலத்தில் எப்படி இருந்தது என்பது முன்வரிசைக்குத் தெரியும். ஆகவே தலைப்பைச் சுருக்கி, ஒரேயொரு ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது மூன்றெழுத்துச் சொல். தமிழில் ஒற்றை எழுத்தில் எழுதலாம். ‘சீ’.

சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் எங்களில் ஒருத்தியின் கொப்பியில் ஆங்கில ஆசிரியை சிவப்பு மையால் ‘சீ மீ’ என்று எழுதிவிட்டார். வீட்டில் அவள் அதை வாய்விட்டு வாசிக்க, திண்ணையில் இருந்த அம்மம்மாவுக்குக் காதில் விழுந்தது. “படிச்ச பொம்பிளையள் பிள்ளையின்ர கொப்பியில சீ எண்டு எழுதுவினமோ?” என்று கேட்டுக்கொண்டு அடுத்த நாள் பாடசாலைக்கு வர வெளிக்கிட்டார். ‘சீ’ என்றால் ‘பார்’ என்று விளங்கப்படுத்திய பிறகும் அவருக்குச் சமாதானம் வரவில்லை. “என்னைப் பார் எண்டு எழுதுறதும் நல்ல பழக்கமில்லை” என்றார்.

அம்மம்மா சொன்னதில் விஷயம் இருந்தது. ‘சீ மீ’ என்றால் ‘என்னைப் பார்’ அல்ல. ‘என்னிடம் வந்துவிட்டுப் போ’ என்பது. ஒரு சொல்லின் முதற்பொருளை மட்டும் தெரிந்து வைத்திருப்பவளுக்கு அந்தச் சிவப்பு மையில் என்ன இருக்கிறதென்று தெரியாது. எங்கள் வகுப்பில் அப்படித் தெரியாமல் ஒருத்தி பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறோம். அவளுக்காகத்தான் இந்தச் சொல்லையே எடுத்தோம்.

ஆங்கிலத்தில் பார்ப்பதற்கு மூன்று பொதுச்சொற்கள் உண்டென்று எங்களுக்கு முதலில் படிப்பித்தார்கள்: சீ, லுக், வோட்ச். கண் திறந்திருந்தால் தானாக வந்து படுவது சீ. வேண்டுமென்று கண்ணைத் திருப்புவது லுக். நகருகிற ஒன்றை விடாமல் கவனித்திருப்பது வோட்ச். இதை ஆசிரியை எத்தனை தரம் சொன்னாலும் பரீட்சையில் மாற்றித்தான் எழுதினோம். ஒருநாள் அவரே தமிழுக்கு வந்தார். “பேனையைத் தேடி மேசையெல்லாம் பார்த்தேன், காணவில்லை” என்று கரும்பலகையில் எழுதி, இதில் பார்த்தது லுக், காணாதது சீ என்றார். அன்றோடு குழப்பம் தீர்ந்தது. தமிழிலும் காண்பது வேறு, பார்ப்பது வேறு என்று ஆங்கில வகுப்பில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘காண்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. “அவவைக் கண்டனீங்களோ?”, “கண்டு கனகாலம்”, “பேந்து காண்பம்” என்கிறோம். கடல் கடந்தால் இந்த இடங்களில் பெரும்பாலும் ‘பார்’ வந்துவிடுகிறது. அதைவிட ஒரு விசேஷம், எங்களுக்குக் ‘காணும்’ என்றால் ‘போதும்’. விடுதியில் சோறு பரிமாறும்போது “காணுமோ?” என்பார்கள், “காணும், காணும்” என்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தினரிடம் “கறி காணுமோ?” என்று கேட்டுப் பாருங்கள், காணாமற்போன கறியை அவர் தேடத் தொடங்குவார். கண்ணுக்கு முன்னால் இருப்பது போதுமானது என்று எந்தக் காலத்திலோ எங்கள் ஆட்கள் முடிவு செய்திருக்கிறார்கள் போலும். ‘கண்டறியாத கதை’ என்று ஏசுவதும் நாங்கள்தான். நாங்கள் காணாத ஒன்று ஒரு சதத்துக்கும் உதவாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. கொஞ்சம் கர்வமான சொல், ஆனாலும் விட மனமில்லை.

இனி அந்த மூன்றெழுத்தின் மற்றப் பொருள்களுக்கு வருவோம். ‘ஐ சீ’ என்றால் ‘விளங்குகிறது’. ஆங்கிலேயருக்குக் கண்ணில் பட்டதும் விளங்கிவிடுகிறது. நாங்கள் சொல்லும் ‘விளங்கு’வோ ஒளிர்வதைக் குறிக்கும் சொல்; விளக்கும் அதே வேரில் பிறந்ததுதான். அவர்கள் கண்ணை நம்புகிறார்கள், நாங்கள் வெளிச்சத்தை நம்புகிறோம். “விளங்குதோ?” என்று கேட்காத ஆசிரியை இந்த மண்டபத்தில் எவருமில்லை. “விளங்குது” என்று பொய் சொல்லாத மாணவியும் இல்லை.

‘சீ எ டொக்டர்’ என்றால் வைத்தியரிடம் காட்டுவது. ஆங்கிலத்தில் நோயாளி வைத்தியரைப் பார்க்கிறார். தமிழில் வைத்தியர் நோயாளியைப் பார்க்கிறார், நாங்கள் ‘காட்டப்’ போகிறோம். ‘சீ ஹேர் ஹோம்’ என்றால் அவளை வீடுவரை கொண்டுபோய் விடுவது. ‘சீ ஓஃப்’ என்றால் வழியனுப்புவது. அந்தப் பிரயோகத்தை எங்கள் வயதுக்காரருக்கு எந்தப் புத்தகமும் படிப்பிக்கத் தேவையில்லை. யாழ்தேவி ஓடிய காலத்தில் ஸ்ரேசனுக்குப் போய் வழியனுப்பினோம். 1990இல் அந்த வண்டியும் இங்கே வருவது நின்றபின், பஸ்ஸுக்கும் வள்ளத்துக்கும் போய் வழியனுப்பினோம். ‘சீ யூ’ என்று அவர்கள் சொல்லும் இடத்தில் நாங்கள் “போட்டு வாறன்” என்றோம். இரண்டிலும் ஒரு வாக்குறுதி இருக்கிறது. எல்லோருக்கும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

‘சீ ரு இற்’ என்றால் பொறுப்பெடுத்துச் செய்து முடிப்பது. “நீங்கள் யோசியாதேங்கோ, நான் பாக்கிறன்” என்று நாங்கள் சொல்வதும் அதுவே. ஆனால் ‘வீ வில் சீ’ என்பது வேறு. அதற்குச் சரியான தமிழ் ‘பாப்பம்’. சுற்றுலாவுக்குக் காசு கேட்டால் அம்மா சொல்லும் பாப்பம். அதிபரிடம் வலைப்பந்துத் திடலுக்குப் புதுக் கம்பம் கேட்டால் கிடைக்கும் பாப்பம். (இன்றைய அதிபரைச் சொல்லவில்லை.) எந்த மொழியிலும் ‘இல்லை’ என்பதற்கு இதைவிட மரியாதையான சொல் இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழ்ப் ‘பார்’ ஒரு விஷயத்தில் ஆங்கிலச் சொல்லை முந்திவிடும். எழுதிப் பார், கேட்டுப் பார், தொட்டுப் பார், உப்புப் பார் என்று மற்றப் புலன்களுக்கும் அது துணைக்குப் போகும். காதால் கேட்பதையும் கடைசியில் பார்த்துத்தான் முடிக்கிறோம். நாள் பார்ப்பது, சாதகம் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது பற்றி இங்கே விரித்தால் தேநீர் வேளை தப்பிவிடும்.

ஒன்று மட்டும். இலக்கண வகுப்பில் ‘ஐ ஆம் சீயிங்’ என்று எழுதினால் வெட்டுவார்கள். கண்ணில் படுவதற்குத் தொடர்காலம் கிடையாது என்பது விதி. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் தோழி ஒருத்தியிடம் மகள் வந்து, “அம்மா, ஐ ஆம் சீயிங் சம்வன்” என்றாளாம். இவள் முதலில் இலக்கணத்தைத் திருத்தினாள். பிறகு பதறிப்போய், “எந்த டொக்டரை? உனக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டாள். பிள்ளை ஒரு பெடியனைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறாள். இப்போது அந்தப் பெடியன் மருமகன், நல்ல பிள்ளை.

உலகெங்கும் இருக்கும் பழைய மாணவியருக்கு இன்னொரு சொல்லும் நெருக்கமானது. விசா. ‘பார்க்கப்பட்டது’ என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தாளை ஓர் அதிகாரி பார்த்துவிட்டார் என்பதற்கான அடையாளம்தான் அந்த முத்திரை. வீடியோ என்பதும் அதே வேர்தான். இலத்தீனில் ‘நான் பார்க்கிறேன்’ என்று பொருள். நேர்முகத் தேர்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. தூதரகக் கண்ணாடிக்கு இப்பாலும் அப்பாலும் நின்றவர்களுக்கு அப்படி ஒருவரை ஒருவர் பார்த்ததாக நினைவிருக்காது. எங்களில் சிலரின் தாளைப் பார்த்தார்கள். ஆளைப் பார்த்தார்களா என்பது தெரியாது. வடமொழியில் அறிவைக் குறிக்கும் வித்தையும் வேதமும் இதே பழைய வேரைச் சேர்ந்தவை என்று மொழியியலாளர் சொல்கிறார்கள். கண்டவர் அறிந்தவர் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

ஒரு பொய்த் தோழியும் உண்டு. ஆயரின் ஆட்சிப்பீடத்தையும் ஆங்கிலத்தில் ‘சீ’ என்பார்கள். எழுத்தும் ஒலியும் ஒன்றுதான், உறவு மட்டும் இல்லை. அது இருக்கை என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘திருப்பீடம்’ என்று சரியாக மொழிபெயர்த்தவர்களைப் பாராட்ட வேண்டும். ‘திருப்பார்வை’ என்று எழுதியிருந்தால் நாங்கள் எல்லோரும் நம்பியிருப்போம்.

நூலகத்தில் ஆங்கில அகராதிக்குப் பக்கத்தில் வின்சுலோ அகராதியும் இருந்தது. 1862இல் சென்னையில் அச்சான அந்தத் தமிழ்–ஆங்கில அகராதியின் வேலை யாழ்ப்பாணத்து மிஷனரிமாரிடையே தொடங்கியது. மைரன் வின்சுலோவின் மனைவி ஹரியற் வின்சுலோதான் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர். எங்கள் ஊரில் பெண்கள் படித்ததும் சொற்கள் சேர்ந்ததும் ஒரே வீட்டோடு தொடர்புள்ளவை என்று நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது. அதே 1862இல் ஒல்லாந்து தேசத்தில் ஹேர்மன் ஸ்னெலன் என்ற கண் வைத்தியர், மேலே பெரிதாகவும் கீழே வரவரச் சிறிதாகவும் எழுத்துகள் உள்ள ஓர் அட்டையை வெளியிட்டார். இன்றும் கண் கிளினிக்கில் தொங்குவது அந்த அட்டையின் பரம்பரைதான். ஆறு மீற்றரில் ஒருவர் வாசிக்க வேண்டியதை ஆறு மீற்றரில் வாசித்தால் ஆறின்கீழ் ஆறு.

அந்த அட்டையோடு எங்கள் கதைக்கு வருகிறோம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. புலமைப்பரிசில் பெற்று, தூரத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து விடுதியில் சேர்ந்தவள் அவள். நல்ல உயரம். உயரமானவர்களைப் பின்வாங்கில் இருத்துவது வழக்கம், அவளும் இருந்தாள். சொல்வதெழுதுதலில் அவளுக்கு ஒரு பிழை வராது. பாட்டோ செய்யுளோ ஒருதரம் கேட்டால் மனப்பாடம். ஆனால் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் எல்லாம் பிழைக்கும். வீட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவள் கொப்பியில் குதிரையாகிவிடும். கணக்கில் மூன்று எட்டாகும். பக்கத்தில் இருப்பவளின் கொப்பியைப் பார்த்து எழுதித் தப்பிக்கொள்வாள். அவள் வராத நாட்களில் அகப்படுவாள். கவனமில்லாத பிள்ளை என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம். யார் எதைக் கேட்டாலும் எழுந்து நின்று “ஐ சீ, மிஸ்” என்பாள். அவளுக்கு அப்போது சரளமாக வந்த ஒரே ஆங்கிலம் அதுதான். நாங்கள் அவளுக்கு ‘ஐசி’ என்று பட்டம் வைத்தோம். அந்தப் பட்டத்தை முதலில் சொன்னது யாரென்று இன்று எங்களில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லோரும் சொன்னோம்.

ஒரு தவணையில் அவளுடைய கொப்பியிலும் ‘சீ மீ’ விழுந்தது. அதற்கு அர்த்தம் என்னவென்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம் என்று அவளுக்குத் தெரியும். தானாக அர்த்தம் எடுத்து, எழுதியிருந்தபடியே செய்தாள். அடுத்த நாள் தொடக்கம் ஆங்கிலப் பாடம் முழுவதும் ஆசிரியையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் பார்வையல்ல. கண்ணைச் சுருக்கி, கழுத்தை முன்னே நீட்டி, இமைக்காமல். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிலர் அவளைப்போலக் கண்ணைச் சுருக்கிக் காட்டினோம்.

ஒரு கிழமை ஆசிரியை பொறுத்திருந்தார். பிறகு ஒரு நாள் பாடத்தை நிறுத்தி, தமிழில் கேட்டார். “ஏன் பிள்ளை என்னை அப்பிடிப் பாக்கிறாய்?”

“நீங்கள்தானே மிஸ் பாக்கச் சொல்லி எழுதினீங்கள்.”

வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. பின்வாங்குக்கு நடந்து போனார். “நான் அங்க நிக்கேக்க என்ர முகம் உனக்குத் தெரியுதோ?” என்று கேட்டார். “சீலை தெரியும் மிஸ். முகம் கிட்ட வந்தால் தெரியும்” என்றாள். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். வேறு கண்ணால் பார்த்திருந்தால்தானே அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும்?

கிட்டப்பார்வையில் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. பெரும்பாலும் கண்கோளம் சற்று நீண்டுவிடுவதுதான் காரணம். பாடசாலை வயதில்தான் அது அதிகமாக வெளிப்படும். கண்ணைச் சுருக்கினால் ஒளி நுழையும் வழி ஒடுங்கி, மங்கல் கொஞ்சம் குறைந்து தெரியும். எங்களில் இருவர் பிறகு வைத்தியர்களானார்கள். அவர்கள் இதைப் படித்த அன்று இருவருக்கும் அந்த வகுப்பறைதான் ஞாபகம் வந்ததாம். இப்போது ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் தூரநோக்கு என்றும் பணிக்கூற்று என்றும் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். பின்வாங்கிலிருந்து அதை வாசிக்க முடிகிறதா என்று யாராவது ஒருதரம் போய் இருந்து பார்த்தால் இன்னும் நல்லது.

மேற்பார்வைக்கு ஆங்கிலத்தில் ‘ஓவர்சைற்’ என்ற ஒரு சொல் உண்டு. அதே சொல்லுக்குக் கவனியாமல் விட்ட பிழை என்றும் பொருள். நேரெதிரான இரண்டு பொருளை ஒரு சொல்லில் எப்படி வைத்தார்கள் என்று முன்பு வியந்திருக்கிறோம். மேலாகப் பார்ப்பதும் மேலோட்டமாகப் பார்ப்பதும் எங்கள் மொழியிலும் அடுத்தடுத்த வீடுதான். எங்கள் வகுப்பில் நாற்பது சோடிக் கண்கள் இருந்தன. அவள் கரும்பலகைக்குப் பதிலாகப் பக்கத்துக் கொப்பியைப் பார்ப்பதை எல்லோரும் கண்டோம். ஒருத்தியும் பார்க்கவில்லை.

ஆசிரியை அவளைப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குத் தானே கூட்டிப்போனார். கண்ணாடிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியவேண்டிய விஷயமாக அவர் வைக்கவில்லை. கண்ணாடி போட்டு வந்த முதல்நாள் காலைக் கூட்டத்தில், இதே மண்டபத்தில், மேடைக்கு மேலே பார்த்து அவள் கேட்டாள்: “அது எழுத்தோ? நான் இவ்வளவு நாளும் பூவேலை எண்டெல்லோ நினைச்சனான்.” அது பாடசாலை மகுடவாக்கியம். இரண்டு வருடமாகத் தினமும் அதற்குக் கீழே நின்று பாடியவள். மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்தாள். அன்றும் எங்களில் யாரோ “ஐ சீ” என்று சொல்லிச் சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது.

திருக்குறளில் 58ஆம் அதிகாரத்துக்குக் ‘கண்ணோட்டம்’ என்று பெயர். நாங்கள் இன்று அந்தச் சொல்லை ஒருவருடைய கருத்துநிலை என்ற பொருளில் எழுதுகிறோம். ‘பெண்ணியக் கண்ணோட்டம்’, ‘வரலாற்றுக் கண்ணோட்டம்’ என்றெல்லாம். வள்ளுவருக்கு அது இரக்கம். கண் ஒருவர் மீது ஓடிப்போய்த் தங்குவது. அந்த அதிகாரத்தை நாங்கள் அந்த வருடமே மனப்பாடம் செய்தோம். தமிழுக்கு எங்கள் வகுப்பில் நல்ல புள்ளிகள்.

அதற்குப் பின் அவள் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்தாள். வாங்கை முன்னுக்கு மாற்றினார்கள். உயரமானவள் முன்னால் இருக்க, பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிறகு வீட்டில் ஏதோ கஷ்டம், ஒரு தவணை விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. காலம் போனது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்தபோது எங்கள் வீடுகளில் இருந்த கொப்பிகளும் படங்களும் எங்கெங்கோ போயின.

இந்த மலருக்காக வகுப்புப் படம் கேட்டார்கள். ஒரேயொரு பிரதி அவுஸ்திரேலியாவில் ஒரு தோழியிடம் கிடைத்தது. எட்டாம் வகுப்பு, கண்ணாடிக்கு முந்திய தவணை. மூன்றாம் வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஆளாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் நிற்கிறாள். படத்துக்குக் கீழே பெயர் போடவேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டோம். “ஐசி!” என்று ஒரு மணித்தியாலத்துக்குள் பதினேழு பேர் எழுதினார்கள். சரி, பெயர்? கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருத்தி முதற்பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி அது இல்லை என்றாள். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒருவருக்கும் தெரியாது. ஊரின் பெயரிலும் இரண்டு அபிப்பிராயம். ஒரு வாங்கில் இரண்டு வருடம் அவளோடு இருந்தவளும் எங்கள் குழுவில்தான் இருக்கிறாள். அவளும் அன்றிரவு ஒன்றும் எழுதவில்லை.

ஆகவே படத்தின் கீழே அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அச்சுப்பிழை அல்ல. பட்டப்பெயரைப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள்; வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இந்த மலர் லண்டனுக்கும் மெல்பேணுக்கும் பாரிசுக்கும் மட்டக்களப்புக்கும் வன்னிக்கும் போகும் என்று செயலாளர் சொன்னார். வாசிப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து மூன்றாம் வரிசையைப் பாருங்கள். இப்போது அவளுக்கு அறுபது தாண்டியிருக்கும், தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். எங்காவது கண்டால் பெயரைக் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். நாங்கள் கேட்டதாகச் சொல்லி, எங்களை ஒருக்கால் வந்து பார்க்கவும் சொல்லுங்கள். வர வசதிப்படாவிட்டால் இடத்தைச் சொல்லட்டும், நாங்கள் போகிறோம்.